மேட்டுக்கு ஒரு பல்லு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, கொதிக்கிற எண்ணெயில் விரல் விட்டுச் சொல்லச் சொன்னாலும் சரி, இதையேதான் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றும் கூட்டவில்லை. ஓரிடத்தில் மழையை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறது. பெய்தபடியே சொன்னால் நம்பமாட்டீர்கள்.

கீழத்தெருவில் கடைசிக்கு முந்தின வீடு ரோலர்க்காரருடையது. ஆஸ்பத்திரி லாண்டரியில் அவருக்கு ரோலர் மிஷினில் வேலை. துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால், சூடான உருளைகளுக்குள் போய், அந்தப் பக்கம் காகிதம் மாதிரி வெளியே வரும். நாள் முழுக்க ஆவியில் நிற்கிற வேலை. காலையில் ஆறடியாகப் போகிறவர் சாயங்காலம் ஒரு விரற்கடை சுருங்கித்தான் திரும்புவார். வீட்டில் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினால் காலைக்குள் பழைய உயரம் வந்துவிடும்.

இப்போது வருவதில்லை. சட்டைக் கை கொஞ்சம் கொஞ்சமாக விரல் நுனியை மூட ஆரம்பித்திருந்தது.

காரணம், வீட்டுக்காரம்மா வீட்டில் இல்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், பேசுவதற்கு இரண்டு வாய். அவருடைய கொழுந்தியாள், அதாவது மனைவியின் தங்கை, மேலத்தெருவில் இருந்தாள். அவள் கால் வழுக்கி எலும்பு முறிந்தது என்று அக்காள் துணைக்குப் போனாள். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் இல்லாம சமாளிச்சுக்குவீங்களா?" என்று கேட்டாள்.

"நீ பாட்டுக்கு இருந்துட்டு வா. நீ இல்லேன்னா இங்க ஒண்ணும் குடி முழுகிடாது" என்றார் ரோலர்க்காரர்.

பெரிய மனசோடு சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். அவள் ஒரு செருப்பை மாட்டியபடி, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தங்கையின் எலும்பு சேர்ந்தது. கட்டுப் பிரித்தார்கள். அவள் கடைக்கும் கிணற்றுக்கும் ஓடுவதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அக்காள் மட்டும் வரவில்லை. ரோலர்க்காரர் ஆள் விட்டுக் கேட்டதற்கு, "குடி முழுகினா சொல்லி அனுப்பச் சொல்லு, வர்றேன்" என்று பதில் வந்தது.

நேரில் போய்க் கூப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள். மேலத்தெருவுக்குப் போகிற மேட்டை நீங்கள் பார்த்ததில்லை. அதை மேடு என்று சொல்வது மரியாதைக்காக. கொஞ்சம் சாய்த்து வைத்த சுவர் அது. மேலே கோழி முட்டையிட்டால் அது உருண்டு கீழத்தெருவில் வந்துதான் நிற்கும். வளர்க்கிறவர்கள் மேலே, ஆம்லெட் சாப்பிடுகிறவர்கள் கீழே. இதற்காக வழக்கே நடந்தது. சாட்சி சொல்லக் கோழியைக் கூட்டி வந்தார்கள், அதுவும் உருண்டு போனதால் வழக்குத் தள்ளுபடி. மேலத்தெருவில் சாப்பிட உட்காருகிறவர்கள் தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் தீப்பெட்டி வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் குழம்பு அடுத்தவர் தட்டுக்குப் போய்விடும். ஆட்டோக்காரர்கள் பாதியிலேயே கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவார்கள். ஓரமாக ஒரு படிக்கட்டு உண்டு. ஈரத் தரையிலேயே நின்று நின்று ரோலர்க்காரரின் முழங்கால் பழுதாகிப் போயிருந்தது. படி என்ற சொல்லைக் கேட்டாலே அது வீங்கும்.

அதோடு, நடந்தே ஏறி, மூச்சு வாங்கி, வியர்த்து விறுவிறுத்து, அவள் முன்னால் போய் நின்றால் அதற்கு என்ன அர்த்தம்? குடி முழுகிவிட்டது என்று அர்த்தம். அதை எப்படி அவர் வாயால் சொல்வது?

அதனால் அவர் தனியாக இருந்தார். ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டார். முட்டை வேகவைத்தார். எந்த முட்டை என்று கேட்காதீர்கள். படுக்கை விரிப்பை மடிக்கும்போதுதான் கஷ்டம். மனைவி ஒரு முனை, இவர் ஒரு முனை, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து, நடுவில் கைகள் முட்டிக்கொள்ளும், அப்படியே பழகிப்போனது. இப்போது ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மறுமுனையோடு இவர் நடந்து போவார். கம்பி நின்ற இடத்தை விட்டு எதிரே வராது. முழுத் தூரமும் இவரே நடக்க வேண்டும்.

இந்த நிலைமையில்தான் சைக்கிள் வந்தது.

அது சகலையுடையது, அதாவது கொழுந்தியாளின் வீட்டுக்காரருடையது. தொப்பை குறைய வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம், பளபளவென்று கியர் வைத்த சைக்கிள் வாங்கினார். இறங்கும்போது ஆள் சைக்கிளில் வந்தார். ஏறும்போது சைக்கிள் ஆளின் தோளில் போனது. தொப்பை அப்படியே இருக்க, தோள்தான் இளைத்தது. "சகலை, இது உங்களுக்குத்தான் சரிப்படும்" என்று போனில் சொல்லிவிட்டு, மேட்டு உச்சியில் நிறுத்திக் கையை எடுத்துவிட்டார். சைக்கிள் தானாக இறங்கி வந்தது. வழியில் ஒரு கிழவரை மணியடித்து ஒதுங்கச் சொன்னது, முனையில் ஒழுங்காகத் திரும்பியது, ரோலர்க்காரர் வாசலில் வந்து நின்றது. நின்றது என்பதை மோதியது என்றும் சொல்லலாம். பின்சக்கரத்தில் கியர் மாற்றுகிற கை ஆரக்கம்பிக்குள் புகுந்து நசுங்கிப் போனது.

தள்ளிக்கொண்டு போய்ப் பஞ்சரிடம் காட்டினார். பஞ்சர் என்பது கடைக்காரனின் பட்டப்பெயர். வைத்த பெயர் அவனுக்கே மறந்துவிட்டது.

"பிழைக்குமாடா?"

"சைக்கிள் பிழைச்சுக்கும்ணே. கியர் போயிடுச்சு. புதுசு மாட்டணும்னா சைக்கிளை வித்தாத்தான் கட்டுப்படியாகும்."

"சைக்கிளை வித்துட்டு கியரை என் இடுப்புலயா மாட்டிக்கிறது?"

"அதான் நானும் யோசிக்கிறேன்." பஞ்சர் தலையைச் சொறிந்தான். "பேசாம எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு ஒரே பல்லு வச்சு ஓட்டுங்க. கியர் இல்ல, ஒயர் இல்ல, ஒரு சனியனும் இல்ல. இருக்கிறதுலயே ஒரு பல்லை எடுத்துக்கலாம். மிச்ச இடத்துக்குத் தண்ணிக் குழாய்த் துண்டை வெட்டி வளையமாச் சொருகிடலாம். செயினைக் கொஞ்சம் வெட்டிச் சின்னதாக்கணும். கைக்காசு பெருசா இறங்காது."

பல்லு என்று அவன் சொன்னது பின்சக்கரத்தில் பெரிதும் சிறிதுமாக அடுக்கியிருக்கிற பல்சக்கரங்களை. கடைப் பேச்சில் ஒவ்வொரு சக்கரமும் ஒரு பல்லு.

சக்கரத்தைக் கழற்றிப் பழைய செயினைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்பேனரை அழுத்தினான். கரகரவென்று பூட்டு வளையம் விட்டுக்கொடுத்தது. பல்லெல்லாம் ஒவ்வொன்றாகக் கையோடு வந்தன. துணியில் துடைத்து, பெரியதிலிருந்து சிறியது வரை தரையில் வரிசையாக வைத்தான்.

"சொல்லுங்கண்ணே. எந்தப் பல்லு?"

"எதையாவது போடேன்."

"எதையாவது போட முடியாது. ஒண்ணைப் போட்டா அதோட காலம் தள்ளணும், அப்புறம் மாத்திக்க வழியில்ல. இந்தப் பெருசு இருக்கே, இது மேட்டுக்கு. சுவத்துல கூட ஏறும். ஆனா சமதளத்துல காலு காத்தாடி மாதிரி சுத்தும், வண்டி நகராது. இந்தச் சின்னது சமதளத்துக்கு. ஒரு மிதி மிதிச்சா லாண்டரி வாசல்ல நிப்பீங்க. ஆனா மேட்டைப் பாத்தா படுத்துக்கும். மேட்டுக்கா, சமதளத்துக்கா?"

கடை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். கீழத்தெரு முழுவதும் தெரிந்த விஷயம்: ரோலர்க்காரருக்கு மேட்டில் ஒரே ஒரு வேலைதான் உண்டு. பெரிய பல்லு என்று அவர் வாயைத் திறந்தால் ராத்திரிக்குள் அது மேலத்தெரு வரை போய்விடும்.

"சமதளத்துக்கே போடு" என்றார்.

"மேல போற வேலை?"

"எனக்கு மேல என்னடா வேலை?"

பெஞ்சில் மறுபடி உறிஞ்சும் சத்தம் கேட்டது. பஞ்சர் வேலையில் இறங்கினான். குழாயை ரம்பத்தால் அறுத்து வளையம் வளையமாக்கினான். நடுவில் சின்னப் பல்லை வைத்து இருபுறமும் வளையங்களைச் சொருகி இறுக்கினான். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான். செயின் நூல் பிடித்த மாதிரி நேராக ஓட வேண்டும், கொஞ்சம் கோணினாலும் கழன்று விழும். செயினில் கொஞ்சம் வெட்டி எடுத்தான். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து விறைப்பாக்கி நட்டை முறுக்கினான்.

சமதளத்தில் சைக்கிள் பறந்தது. ஒரு நாள் லாண்டரிக்குக் கிளம்பியவர் வேகத்தில் லாண்டரியைத் தாண்டி அடுத்த ஊரில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். ஆனால் எங்கே போனாலும் சாயங்காலம் அதே கதவு, அதே பூட்டு. திறந்தால் காலையில் தான் விட்டுப் போன மூச்சு அப்படியே உள்ளே நின்றுகொண்டிருக்கும். அதையே திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும்.

லீவு நாளில் யாரும் பார்க்காத நேரமாக மேட்டில் விட்டுப் பார்த்தார். எழுந்து நின்று, மொத்த உடம்பையும் மிதிகட்டையில் போட்டு அழுத்தினார். சைக்கிள் யோசித்தது. பிறகு மெல்லப் பின்னால் வர ஆரம்பித்து, கிளம்பினதற்கு முந்தின நிமிஷத்தில் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டது. வாசலில் கிளம்பிக்கொண்டிருந்த தன்னையே பார்த்து, "போகாதே, பிரயோஜனம் இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாளிலிருந்து மழை. முன்பே சொன்னபடி அதைக் குறைத்துச் சொன்னால், நன்றாகப் பெய்தது. விரிப்புகள் காயவில்லை. ரோலர் மேல் ஆவி மூட்டமாக நின்றது. ரோலர்க்காரர் ஒரு சாயங்காலம் பஞ்சர் கடைக்குப் போய், "அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் கொடு. ஏதோ சத்தம் வருது" என்றார்.

பஞ்சர் எந்தச் சத்தம் என்று கேட்கவில்லை. ஸ்பேனரைக் கொடுத்தான். அப்புறம் டப்பாவில் கையை விட்டு, துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தையும் கொடுத்தான். "வெட்டின செயின் துண்டுண்ணே. சத்தம் பெருசா இருந்தா செயின் பத்தாது."

வீட்டுக்கு வந்து பிரித்தால், செயின் துண்டுக்குக் கீழே பெரிய பல்லும் இருந்தது.

சமையல்கட்டில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார். வெளியே மழை, உள்ளே கிரீஸ். வளையங்களைக் கழற்றி, சின்னப் பல்லை எடுத்துவிட்டு, பெரிய பல்லை வைத்தார். மூன்று முறை கோணலாக உட்கார்ந்தது. ஒரு ஆள் சக்கரத்தைப் பிடிக்க, இன்னொரு ஆள் நட்டை முறுக்க வேண்டிய வேலை அது. சக்கரத்தை முழங்காலுக்கு நடுவே இடுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். "கொஞ்சம் புடியேன்" என்று வாய் தானாகச் சொன்னது. அடுப்புத் திட்டுதான் அதைக் கேட்டது. முடித்ததும் மிதிகட்டையைக் கையால் சுற்றிவிட்டார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வேறு போக்கிடம் இல்லாததால்.

அடுத்த நாள் லாண்டரிக்கு அதே சைக்கிளில்தான் போக வேண்டியிருந்தது. பஞ்சர் சொன்னது பொய்யில்லை. கால் சுற்றுகிற வேகத்தில் பாதம் கண்ணுக்குத் தெரியவில்லை, சைக்கிளோ ஊர்வலம் மாதிரி போனது. நத்தை ஒன்று மணி அடித்துக்கொண்டு முந்திப் போனது. வழி நெடுக ஜன்னல்கள் திறந்தன. கால் சுற்றுவதைப் பார்த்த எல்லாருக்கும் எந்தப் பல்லு என்று தெரிந்துவிட்டது.

விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிற கூட்டாளிக்கு சோடாப்புட்டி என்று பெயர், அவன் கண்ணாடி அவ்வளவு தடிமன். அவன்கூடப் பார்த்துவிட்டான்.

"என்னண்ணே, காலு தையல் மிஷினாட்டம் ஓடுது?"

"மூட்டு வலிக்கு நல்லதாம்."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"முனையைப் புடிடா."

"புடிச்சிட்டுத்தான் இருக்கேன். அண்ணி எப்ப வர்றாங்க?"

"வருவா, வருவா. அவ இல்லாம இங்க என்ன..." என்று ஆரம்பித்தவர் மீதியைச் சொல்லவில்லை. ரோலர் விரிப்பை உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்றைக்குத்தான் கொழுந்தியாளின் போன் வந்தது. ரோலர்க்காரருக்கு, தான் ஒருத்தராகவே சைக்கிளை மாற்றிவிட்ட பெருமை. அது எப்படியாவது மனைவி காதுக்குப் போக வேண்டும்.

"எப்படி இருக்கீங்க மாமா?"

"எனக்கென்ன. பல்லையெல்லாம் கழட்டியாச்சு."

"என்னது?"

"எல்லாத்தையும் கழட்டிட்டேன். பெருசா ஒண்ணே ஒண்ணு மட்டும் பின்னால விட்டு வச்சிருக்கேன்."

"ஐயையோ! யாரு மாமா கழட்டினது?"

"மொதல்ல பஞ்சர் கழட்டினான். அது சரியா வரல. அப்புறம் நானே ஸ்பேனரைப் போட்டுக் கழட்டிட்டேன்."

"நீங்களேவா! வலிக்கலையா?"

"கொஞ்சம் இறுக்கமாத்தான் இருந்துச்சு. எண்ணெய் விட்டேன், வந்துருச்சு."

"அந்த ஓட்டையெல்லாம்?"

"தண்ணிக் குழாயை வெட்டிச் சொருகியிருக்கேன். கல்லு மாதிரி நிக்குது."

"அப்ப சாப்பாடு?"

"சாப்பாட்டுக்கு என்ன? ரொட்டியை டீயில நனைச்சுக்கிறேன்."

மறுமுனையில் போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பெருமை போய்ச் சேர்ந்துவிட்டது என்று ரோலர்க்காரர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் லீவு. மழை விட்டிருந்தது. நன்றாகக் குளித்து, தானே ரோலரில் விட்டெடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மேட்டில் சைக்கிளை ஏற்றினார். பெரிய பல்லு நறநறவென்று கடித்துக்கொண்டு ஏறியது. செங்குத்தான இடத்தில் மூக்கு ரோட்டில் உரசியது, அதையும் ஒரு பிரேக்காக வைத்துக்கொண்டார். வழியில் என்ன சொல்வது என்று யோசித்தார். 'இந்தப் பக்கமா வந்தேன்' எனலாம். ஆனால் ரோடு அந்த வீட்டோடு முடிகிறது. தாண்டினால் வெறும் வானம்தான். யார் அந்தப் பக்கமாக எங்கே போவார்கள்?

கதவைத் தட்டும் முன்பே கொழுந்தியாள் ஓடிவந்தாள்.

"மாமா, வாயைத் திறங்க!"

"எதுக்கும்மா?"

"திறங்கன்னா! ஐயோ, எல்லாப் பல்லும் இருக்கே! அக்கா அழுதுக்கிட்டே படி வழியா கீழ போறாளே! குழைய வேகவச்ச சோத்தைத் தூக்குல எடுத்துக்கிட்டு..."

சகலை உள்ளேயிருந்து தொப்பையோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "சகலை, சைக்கிள் பல்லா! இவ நேத்து ராத்திரியெல்லாம் என்னைத் தூங்க விடல!"

ரோலர்க்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே அவள் இப்போது பூட்டின கதவைப் பார்ப்பாள். பல்லில்லாத மனுஷன் லீவு நாளில் எங்கேயோ ஜாலியாகச் சுற்றப் போயிருக்கிறான் என்று நினைப்பாள். தூக்கை வாசலில் வைத்துவிட்டுப் படியேறிவிடுவாள். இவர் ரோடு வழியாக இறங்குவதற்குள் அவள் படி வழியாக மேலே வந்துவிடுவாள். இனி ஒரு தடவை இறங்கமாட்டாள். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் வீட்டுக்கு இருந்த ஒரே போன் இவருடைய சட்டைப் பையில்.

"சத்தம் போட்டுக் கூப்பிடுங்க மாமா. இங்கேருந்து சொன்னா கீழ வரைக்கும் உருண்டு போகும்" என்றாள் கொழுந்தியாள்.

அது உண்மை. கீழே போடுகிற சத்தம் மேலே ஏறாது. மேலே போடுகிற சத்தம் இறங்காமல் நிற்காது. மேலத்தெருவில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் கீழத்தெருவில் சமாதானம் செய்துவைக்க ஆட்கள் தயாராக நிற்பார்கள்.

ரோலர்க்காரர் ரோட்டு விளிம்பில் போய் நின்றார். "ஏ, இந்தா..." என்றார். குரல் காலடியிலேயே விழுந்தது.

"இதுக்கெல்லாம் அவ நிக்க மாட்டா" என்றாள் கொழுந்தியாள். சிரிக்காமல் சொன்னாள். "அவ எதுக்குக் காத்திருக்கான்னு உங்களுக்கே தெரியும்."

கீழே கூரைகள் ஈரமாகத் தெரிந்தன. கடைசிக்கு முந்தின வீட்டு வாசலில் புள்ளியாக ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தது. அது திரும்பி, படிக்கட்டுப் பக்கம் ஓர் அடி வைத்தது.

"குடி முழுகிடுச்சு!" என்று கத்தினார் ரோலர்க்காரர். "நீ போனன்னைக்கே முழுகிடுச்சு! அங்கேயே இரு, நான் வர்றேன்!"

சொல் உருண்டது. திருப்பத்தில் சுவரில் இடித்துக் கொஞ்சம் பெரிதாகி, கோழிகளைக் கலைத்து, பஞ்சர் கடைப் பெஞ்சைத் தாண்டிக் கீழத்தெருவுக்குள் புகுந்தது. முழுகிடுச்சு என்பது மட்டும் காதில் விழுந்தவர்கள் வெள்ளம் வந்துவிட்டது என்று பாத்திரம் பண்டங்களைப் பரண்மேல் ஏற்றினார்கள். சோடாப்புட்டி கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு மேஜைமேல் ஏறி நின்றான்.

புள்ளி நின்றது.

அவர் இறங்கி வந்தபோது அவள் வாசற்படியில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. அதற்குள் பஞ்சர் கடைப் பெஞ்சு அவளுக்குப் பல்லுக் கதை முழுவதையும் சொல்லி முடித்திருந்தது. சைக்கிளைப் பார்த்தாள், அதில் இருந்த ஒற்றைப் பல்லைப் பார்த்தாள், அவர் வாயைப் பார்த்தாள்.

"இந்தப் பல்லா?"

"இந்தப் பல்லுதான்."

"மேட்டுக்கு உள்ளதா, சமதளத்துக்கு உள்ளதா?"

"மேட்டுக்கு."

"மேல உங்களுக்கு யாரு இருக்கா?"

"உன்னைக் கூப்பிடத்தான் போனேன்" என்றார் ரோலர்க்காரர்.

பின்னாளில் அந்தப் பக்கம் குழாய் பதிக்க வந்தவர்கள் மட்டம் வைத்துப் பார்த்துச் சொன்னார்கள்: மேற்கே இருப்பதால்தான் அது மேலத்தெரு, ரோலர்க்காரர் வீட்டு வாசலும் கொழுந்தியாள் வீட்டு வாசலும் ஒரே மட்டம்.